மேடை பார்த்த திசை

அன்புள்ள அக்கா,

மாநகர சபையில் மைதானத்துக்கு விண்ணப்பம் கொடுக்கும் அறையின் வாசலில், நனைந்த குடைகளைப் போட ஒரு வாளி வைத்திருப்பார்களே, அது இன்னும் இருக்கிறது. போன கிழமை நல்ல மழையில் அங்கே போனேன். குடைத்துணியின் ஈரமும் முத்திரை மையும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும், கவுண்டருக்கு முன்னால் கொஞ்சம் இடது பக்கமாக ஒதுங்கி நின்றேன். வலது பக்கம் உங்களுடையது. பழக்கம் போகவில்லை.

அதிகாரி பழைய ஆள்தான். என்னைக் கண்டதும் சிங்களத்தில், "யாழ்ப்பாண மிஸ் எங்கே?" என்று கேட்டார். சொன்னேன். நீங்கள் காலமானதைக் கேட்டதும் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "அனே, பாவம்" என்றார். பிறகு, வேலை வேலைதானே, படிவத்தை என் பக்கம் தள்ளி ஒரு வரியில் விரலை வைத்தார். நிகழ்ச்சிக்குப் பொறுப்பானவர் பெயர். மைதானத்தில் புல் கருகினாலும், சொன்ன நேரத்துக்கு மேல் ஒலிபெருக்கி பாடினாலும், மறுநாள் காலையில் குப்பை கிடந்தாலும் கூப்பிட்டுக் கேட்கப்படுகிற ஆள். இத்தனை வருஷமும் அந்த வரியில் உங்கள் பெயர்தான் இருந்தது. "நான் பென்சன்காரி, என்னை ஒருத்தரும் இடம் மாத்தேலாது" என்று சிரித்துக்கொண்டே எழுதுவீர்கள். நான் அரசாங்கப் பள்ளிக்கூட டீச்சர், எனக்கு எதற்கு வம்பு என்று பேசாமல் நிற்பேன். இந்த முறை என் பெயரை எழுதினேன். கை நடுங்கியது, கண் கலங்கியது என்றெல்லாம் எழுதமாட்டேன். உங்களுக்கு அது பிடிக்காது. தவிர, நடுங்கவும் இல்லை.

எழுதாமல் விட்டிருந்தால் இந்த வருஷம் நம் பிள்ளைகளின் நாடக மாலை இல்லை. அதுதான் விஷயம். நீங்கள் போன பிறகு நடந்த முதல் குழுக் கூட்டத்தில், "ஏதாவது ஒரு மண்டபத்தை எடுப்போம், சபை, பொலிஸ் என்று யார் அலைவது?" என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்னவர்களில் பாதிப்பேர் ஒரு நாளும் அலைந்தவர்கள் இல்லை. மண்டபம் என்ற பேச்சு முன்பும் வந்திருக்கிறது. அப்போது நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "மண்டபத்துக்கெண்டா சனம் உடுத்திக்கொண்டு வரவேணும். மைதானத்துக்குக் கடையைப் பூட்டிப்போட்டு அப்பிடியே வரும்." அதை அப்படியே கூட்டத்தில் சொன்னேன். "அப்ப நீங்களே பாத்துக்குங்க டீச்சர்" என்று என் தலையில் கட்டிவிட்டு எழுந்து போனார்கள்.

நாம் முதன்முதலில் விண்ணப்பம் கொடுக்கப் போன கூத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கிற மைதானம். நல்ல நாளாகப் பார்த்து எடுத்தோம். லீவு நாள், நிலவும் இருக்கும், விளக்குச் செலவும் குறையும் என்று நம் இருவருக்கும் ஒரே பெருமை. அதிகாரி நாளைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். "போயா தவசேத மிஸ்?" என்று கேட்டார், பௌர்ணமிப் போயா நாளிலா என்று. போயா தினத்தன்று பக்கத்து விகாரையில் பொழுது படும்வரை பண என்கிற பௌத்தப் போதனை ஓதும் ஒலிபெருக்கி கேட்கும். அதற்குப் போட்டியாக நமக்கு எந்தப் பொலிஸ் அனுமதி தரும்? கண்டியிலேயே பிறந்து வளர்ந்த எனக்கும், கண்டித் தபால் கந்தோரில் பாதி ஆயுளைக் கழித்த உங்களுக்கும் போயா என்றால் லீவு என்பது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. வெளியே வந்து படிக்கட்டில் நின்று நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் பாடமாகிவிட்டது. பெரஹரா ஊர்வலக் காலத்தில் கேட்கக் கூடாது. பரீட்சை நாட்களில் கேட்கக் கூடாது. முதலில் சபையின் மைதானக் கடிதம், அதைக் காட்டிப் பொலிஸில் ஒலிபெருக்கிக்கு அனுமதி, மேடை எங்கே வரும், எந்தப் பக்கம் பார்க்கும், சனம் எங்கே இருக்கும் என்று ஒரு வரைபடம். கவுண்டரில் நீங்கள் உங்கள் தமிழில் சண்டை பிடிப்பீர்கள், நான் அதைச் சிங்களத்தில் மரியாதையாக மாற்றிச் சொல்வேன். "இவையள் போன வருசமும் உதையேதான் கேட்டவை, அவருக்கு ஞாபகமறதியோ எண்டு கேளுங்கோ" என்பீர்கள். "சேர், போன வருஷக் கோப்பிலும் இது இருக்கும், கொஞ்சம் பார்க்க முடியுமா?" என்று நான் சொல்வேன். அவர் சிரித்தால் உங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். "நான் சொன்னதை நீங்கள் அப்பிடியே சொல்லேல்லை டீச்சர்" என்று பஸ் ஏறும்வரை முணுமுணுப்பீர்கள். போன கிழமை கவுண்டரில் எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. மாற்றிச் சொல்ல ஒன்றும் இல்லாததால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

அனுமதி எல்லாம் கைக்கு வந்த பிறகு நீங்கள் ஒரு வேலை செய்வீர்கள். எனக்கு அது வீண் வேலையாகத்தான் பட்டது. மைதானத்தைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், இன்ன நாள், இத்தனை மணிக்குத் தொடங்கி இத்தனை மணிக்கு முடிப்போம், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்பீர்கள். கலியாணத்துக்கு வீடு சொல்வதைப் போல ஒரு வீடு விடாமல். மொழிபெயர்க்க நான் வரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பீர்கள். "உது கவுண்டர் இல்லை, வீடு. என்ரை சிங்களம் அங்கை காணும்." உங்கள் சிங்களத்தைக் கேட்டுச் சிரித்தே அந்த வீடுகளில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருப்பார்கள்.

நம் இருவருக்கும் வருஷா வருஷம் ஒரு சண்டை, மேடையின் திசை. மைதானத்துக்கு மேற்கே வரிசையாக வீடுகள். கிழக்கே, பின்னேரமானால் பூட்டிவிடும், பலகை விற்கிற மரக்காலை ஒன்று, அதன் பக்கத்தில் உங்கள் வீடு. நீங்கள் எப்போதும் மேடையின் முதுகை அந்த வீட்டு வரிசைக்குக் கொடுத்து, முகத்தை உங்கள் வீட்டுப் பக்கம் வைப்பீர்கள். சனம் மேடையைப் பார்த்தால் பின்னேர வெயில் நேரே கண்ணில் அடிக்கும். கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டுதான் பாதி நாடகம் பார்ப்பார்கள். "திருப்பிப் போட்டா என்னக்கா? வெளிச்சம் புள்ளைங்க மேல விழும்" என்று நான் சொல்லாத வருஷம் இல்லை. "கிடக்கிற இடத்திலையே கிடக்கட்டும்" என்பீர்கள். மடவளையிலிருந்து ஒலிபெருக்கி கொண்டுவருகிற முஸ்லிம் நானா பெரிய ஸ்பீக்கர் பொக்ஸ் இரண்டையும் வைத்து மைக்கைத் தட்டும்போது உங்கள் வீட்டு யன்னல் கண்ணாடி கிடுகிடு என்று அதிரும். "உங்க வீட்டுக்கு நல்லா கேக்கணும்னுதானே இந்த ஏற்பாடு?" என்று கேலி செய்வேன். "ஓம், கேக்கட்டுமன்" என்பீர்கள்.

அந்தச் செத்த வீட்டு வருஷத்தை நான் மறக்கவில்லை. நிகழ்ச்சி அன்று மத்தியானம். மேடை கட்டியாயிற்று, பிள்ளைகள் முகத்தில் பவுடரோடு நிற்கிறார்கள், நானா "ஹலோ, ஹலோ" சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டு வரிசையில், வேலிக்கு அந்தப் பக்கம், ஒருவர் வாசலில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டு வயசான ஐயா சற்று முன்தான் இறந்துபோயிருந்தார். நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு நேரே அங்கே போனீர்கள். அந்த வீட்டு மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அனுமதி எடுத்துத்தானே செய்கிறீர்கள், பிள்ளைகள் பாவம், செய்யுங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார். நான் நிம்மதியோடு திரும்பினேன். நீங்கள் நானாவிடம் போய்ப் பொக்ஸைக் கழற்றச் சொன்னீர்கள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அவங்களே செய்யச் சொல்லிட்டாங்கல்ல? பர்மிட் நம்ம கையில இருக்கு. புள்ளைங்க எத்தனை மாசமா பழகியிருக்குங்க. இன்னொரு நாள் கெடைக்குமா?"

"அவ வாயாலை சொன்னவ. முகத்தைப் பாத்தனீங்களே?" என்றீர்கள். பிறகு, "எங்களுக்குச் சபை தந்தது மைதானத்தை, டீச்சர். அந்த வீட்டைத் தரேல்லை."

நாடகம் நடந்தது. ஒலிபெருக்கி இல்லாமல், கதிரைகளை ஒதுக்கிவிட்டு, சனத்தை மேடைக்குக் கிட்ட கூப்பிட்டுப் புல்லில் இருத்தி. பாலத்தில் பஸ் போகும்போதெல்லாம் பிள்ளைகள் வசனத்தை நிறுத்தி, சத்தம் அடங்கியதும் தொடர்ந்தார்கள். கை தட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள், ஒருவரும் தட்டவில்லை. செத்த வீட்டுக்கு வந்த இரண்டு மூன்று பேர் வேலியில் சாய்ந்துகொண்டு பார்த்தார்கள். எல்லாம் அழகாக முடிந்தது என்று நீங்கள் பிறகு கூட்டத்தில் சொன்னீர்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பின்னால் நின்றவர்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கலகெதரயிலிருந்து பேத்தியின் நடிப்பைப் பார்க்க வந்த ஒரு பெரியவர் இடையிலேயே எழும்பிப் போனார், பாதிச் சனம் அவரோடு போனது. அதற்காக நான் உங்களோடு ஒரு கிழமை பேசவில்லை. நீங்களும் விடவில்லை, ஞாயிறு பூசை முடிந்து வரும்போது கோயில் வாசலில் காத்து நின்று, "வாறியளோ, தேத்தண்ணி குடிப்பம்" என்றீர்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். படிவத்தோடு கொடுக்க வரைபடம் கீறும்போது, அக்கா, நான் மேடையைத் திருப்பிக் கீறினேன். உண்மையைச் சொன்னால் ஒரு சின்னச் சந்தோஷத்தோடுதான் கீறினேன். வெயில் சனத்தின் முதுகில், வெளிச்சம் பிள்ளைகளின் முகத்தில். கிடக்கிற இடத்தில் கிடக்கட்டும் என்று சொல்ல ஆளில்லை. சபையில் ஏற்றுக்கொண்டார்கள். பொலிஸிலும் சரி என்றார்கள். பிறகுதான், பொறுப்பாளர் என்று பெயரை எழுதிவிட்டோமே, ஒரு முறை சுற்றி வந்துவிடுவோம் என்று போன சனிக்கிழமை வீடு சொல்லப் புறப்பட்டேன்.

மேற்கு வரிசையில், அன்று வெள்ளைக் கொடி கட்டிய அந்த வீட்டுக்கு முதலில் போனேன். அதே மகள்தான். உட்காரச் சொன்னார். விளக்கமாகச் சொல்லட்டுமே என்று வரைபடத்தையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "மேடை இந்த முறை எங்கள் பக்கமா பார்க்கிறது?" என்று கேட்டார். ஆம் என்றேன். "அந்த மிஸ் முதல் வருஷம் வந்தபோது இங்கே எல்லா வீட்டுக்கும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்" என்று, உங்கள் குரலிலேயே சொல்லிக் காட்டினார். "சத்தே மகே கெதரட்ட." சத்தம் என் வீட்டுக்கு.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவரே மேலும் சொன்னார். இந்த வரிசையில் கைக்குழந்தை உள்ள வீடு இருக்கிறது, நோயில் படுத்திருக்கிற வருத்தக்காரர் உள்ள வீடு இருக்கிறது, அந்தப் பக்கம் மரக்காலையும் தானும் மட்டும்தான், அதனால் பொக்ஸ் எப்போதும் தன் வீட்டைத்தான் பார்க்கும் என்று நீங்கள் வாக்குக் கொடுத்தீர்களாம். என்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை, அக்கா? சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேனே. எத்தனை வருஷம் அந்த யன்னல் கண்ணாடியை வைத்துக் கேலி செய்தேன். எனக்கு உங்கள் மேல் மறுபடியும் கோபம் வந்தது. அங்கேயே இருந்து அழுதேன். இது எழுதலாம், ஏனென்றால் இது நடந்தது.

மற்ற வீடுகளையும் முடித்துக்கொண்டு கடைசியாகக் கிழக்குப் பக்கம் வந்தேன். உங்கள் வீடு. அங்கே நான் ஒரு நாளும் சம்மதம் கேட்டுப் போனதில்லை. உங்கள் தங்கச்சி சாமான்களை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோன பிறகு வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டார்; இப்போது ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கிறது. கதவைத் தட்டினேன். இளம் பெண் ஒருவர் வந்து, "வாங்க டீச்சர், உள்ளுக்கு வாங்க" என்றார். நான் வாசலிலேயே நின்று நாளையும் நேரத்தையும் சொன்னேன்.

"செய்ங்க டீச்சர், புள்ளையளுட விசயம்தானே" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "எங்கட வாப்பாக்கு ஏலாது. அந்த யன்னலோர கட்டில்லதான் எந்நேரமும். பெரிய பொக்ஸ் வெச்சா அதிருமா?"

"அதிரும்" என்றேன்.

"அப்ப முன்னுக்கு இங்க இருந்த மிஸ் எப்படித்தான் இருந்தாங்க?"

"பெரிய பொக்ஸ் வைக்கமாட்டோம்மா" என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை மறுபடியும் சபைக்குப் போய் வரைபடத்தை மாற்றிக் கொடுத்தேன். மேடை பழையபடி கிழக்கைப் பார்க்கிறது. பொலிஸுக்கும் புதியதைக் கொடுத்தேன். வரும் வழியில் நானாவுக்குப் போன் எடுத்து, ஒரு மைக்கும் சின்னப் பொக்ஸ் ஒன்றும் போதும் என்றேன்.

"பின்னுக்கு நிக்கிறவங்களுக்குக் கேக்காதே, டீச்சர்?" என்றார்.

"கிட்ட வரச் சொல்லுவோம் நானா."

"மிஸ் சொன்ன மாதிரியே சொல்றீங்க" என்றார்.

ஆக, இந்த வருஷமும் வெயில் சனத்தின் கண்ணில்தான் அடிக்கும். பாலத்தில் பஸ் போனால் பிள்ளைகள் நிறுத்தித்தான் பேச வேண்டும். பாதிப்பேர் இடையில் எழும்பிப் போகலாம். போனால், அதற்காக ஒரு கிழமை பேசாமல் இருக்க எனக்கு ஆள் இல்லை, அக்கா.

உங்கள்
டீச்சர்