பழைய கம்ப்யூட்டருக்கு இன்னொரு ரேம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. மழை இல்லை. கம்ப்யூட்டர் மறுபடி உறைந்துவிட்டது. புதுக் கம்பெனியின் டி-ஷர்ட் துணி வெட்ட மார்க்கர், ஏழு சைஸ். முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றையும் துணி வீணாகாமல் திரையில் நெருக்கி அடுக்கித் தரவேண்டும். நாலு சைஸ் வரை நகர்கிறது. ஐந்தாவது போட்டால் அசைவதில்லை. வெள்ளிக்குள் தராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. வீட்டிலிருந்து சில்லறை வேலை செய்பவனைத் தேடி வந்த முதல் பெரிய இடம்.

ரேம் கூட்டினால் சரியாகும். ராயபுரத்துக் கடைக்காரன்: "இந்த மாடலுக்கு இப்ப ரேம் வர்றதில்லீங்க சார். மியூசியத்துக்குக் குடுத்துருங்க." மறக்கமாட்டேன்.

வீட்டுக்காரி சரசு: "பழனிச்சாமியண்ணங்கிட்ட இதே மாதிரி இன்னொண்ணு இருக்குதில்லீங்க?"

இருக்கிறது. கல்லூரியில் ஒன்றாகப் படித்து, ஒன்றாகக் கம்பெனி நடத்தியவன். பிரிந்தபோது ஆளுக்கொரு கம்ப்யூட்டர். ஆர்டர் தரும் பையர்களையும் கம்பெனிப் பெயரையும் அவன் வைத்துக்கொண்டான். பேசிப் பல வருடம். கேட்கமாட்டேன் என்றேன்.

ஜூலை 9, புதன்

பால். சரசுவுக்கு மாத்திரை. கறுப்பு நூல்.

என்னைக் கேட்காமல் அவளே போன் செய்திருக்கிறாள். மத்தியானம் அவனே வந்து நின்றான். சட்டைப் பையில் ரேம்.

"வாங்க" என்றேன்.

"என்னடா, வாங்க போங்கன்னுட்டு. என்ற பொட்டி சும்மாதான் கெடக்குது. அதுல கழட்டுனது."

மாட்டினோம். திரை கறுப்பு. பீப், பீப். உள்ளூர ஒரு திருப்தி. கெட்டதைத்தான் தருவான் என்று நினைத்தேன்.

அவன் போன் வெளிச்சத்தில் குனிந்தான். "ரேம் நல்லாத்தான் இருக்குது. மாட்டற குழியப் பாரு. மெத்தையே தெக்கலாம்."

குழி நிறையப் பஞ்சு. தையல் மெஷினுக்குப் போடுவதுபோல, கட்டிங்கில் மிஞ்சிய ஃபிளீஸ் துணியில் கம்ப்யூட்டருக்கும் நானே உறை தைத்துப் போட்டிருந்தேன்.

"பஞ்சு பூந்துரும்னு பஞ்சுத் துணியவே போத்தி வெச்சிருக்கற. உன்னோட படிச்சேன்னு வெளிய சொல்ல முடியாது."

சரசுவும் சிரித்தாள். பிளக்கைப் பிடுங்கி, பிரஷ்ஷால் பொறுமையாகப் பஞ்சு எடுத்தான். மறுபடி மாட்டினோம். திரை வந்தது. எட்டு ஜிபி. காபி குடித்தான். பழைய பேச்சு எதுவும் எடுக்கவில்லை. நல்லது.

ஜூலை 10, வியாழன்

ஏழு சைஸும் ஒரே திரையில். வெண்ணெய்போல் நகர்கிறது. சாயங்காலமே அனுப்பிவிட்டேன்.

அவன் செய்த எதையும் மன்னிக்கவில்லை. இதற்கு மட்டும் நன்றி. மட்டும் என்று எழுதிவிட்டு யோசிக்கிறேன். போனில் கேட்டதற்கு யாரிடமாவது கொடுத்து அனுப்பியிருக்கலாம். நேரில் வந்தான்.

ஜூலை 11, வெள்ளி

தூறல். கம்பெனியிலிருந்து போன்: துணி அதிகம் போகிறது, மதியத்துக்குள் குறைத்துத் தரமுடியுமா. எப்படி அடுக்கியும் குறையவில்லை. பதினோரு மணிக்கு நானே பழனிச்சாமிக்குப் படம் அனுப்பிப் போனும் செய்தேன்.

"பெரிய சைஸ் கையத் தலகீழாத் திருப்பிப் போடு. அந்தக் காலத்துலயே சொல்லுவேன். நீ எங்க கேட்ட?"

எரிச்சல். போட்டேன். குறைந்தது.

ஓகே வந்துவிட்டது. அடுத்த ஸ்டைலும் எனக்கே. அவனுக்குச் சொல்லப் போன் அடித்தேன், எங்கேஜ்டு. மறுபடி அடிக்கிறேன்.