கல்லில் திருப்ப மறந்த கை

என் செல்லமுத்துவுக்கு, பதில் வராது என்று தெரிந்தே உன் அண்ணன் எழுதுவது.

1. நான், நல்லப்பன் குமாரன் நாச்சிமுத்து, நாமக்கல் கோர்ட்டுகளில் தொழில் நடத்தும் வக்கீல். உன் உடன்பிறந்த தமையன். இதில் எழுதுவன நான் கண்டதும் கேட்டதும். ஊகமாயின் ஊகம் என்றே சொல்வேன்.

2. நீ, பட்டணத்துச் சித்திரப் பள்ளியில் விளம்பரச் சித்திரம் கற்றுக்கொண்டிருந்தவன். படிப்பு முடியுமுன் விடுதியில் விஷக் காய்ச்சலில் இறந்தவன். இதை உனக்கே சொல்வது அபத்தம்தான். ஆனால் இக்கடிதத்தைப் பிறரும் படிப்பார்கள். அவர்களுக்கு நீ யார் என்று தெரிய வேண்டும்.

செல்லமுத்து, உன்னைப் பற்றிச் சேலம் கோர்ட்டில் சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என்ன சொன்னேன் என்பதைப் பிறர் வாயால் நீ கேட்கலாகாது. ஆகையால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

அந்தக் கோடை விடுமுறைக்கு நீ வந்தபோது, கைலி வியாபாரி குப்புசாமி முதலாளி தன் மூட்டைகளில் ஒட்ட ஒரு லேபிள் கேட்டிருந்தார். நீ உடனே வரைய உட்காரவில்லை. சேலம் கடைவீதிக்குப் போய் எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு, அங்கிருந்து எந்த லேபிள் கண்ணில் படுகிறது, எது படவில்லை என்று பார்த்துக்கொண்டேயிருந்தாய். "படிக்கத் தெரிஞ்சவனுக்குப் படம் எதுக்கு அண்ணா? தெரியாதவன் தெருவுக்கு அந்தாண்டை இருந்து 'அதைக் குடு'ன்னு கை காட்டணும். அதுதான் லேபிள்" என்றாய். நான் கட்சிக்காரர்களுக்கு எழுதித்தரும் பத்திரங்கள் எவற்றுக்கும் அந்தக் குணம் இல்லை என்று தோன்றியது.

பிறகு அச்சகத்திலிருந்து, படம் வரைந்து அச்செடுக்கும் சிறிய கல் ஒன்றை மாட்டுவண்டியில் வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கினாய். தகப்பனார் பார்த்தார்.

"பட்டணத்துல படிக்கப் போனவன் தொவைக்கற கல்லோட வந்திருக்கறான். சோப்பும் வாங்கியாந்தயா கண்ணு?"

கல்லில் எழுதுவது காகிதத்தில் இடவலம் மாறி விழும் என்பதால், எழுத்துகளெல்லாம் கல்லில் திரும்பி நிற்கும்படி செய்தாய். பண்ணையத்து ஆள் ராமன் எட்டிப் பார்த்து, "ஏனுங்க சாமி, எழுத்தெல்லாம் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குதுங்க? கோவிச்சுக்கிச்சுங்களா?" என்றான். நீ சிரித்துக்கொண்டே, "இந்தப் 'ப' ஒண்ணுதானுங்க யோக்கியன். எப்படித் திருப்பினாலும் 'ப'தான்" என்று அவனுக்கு விளக்கினாய். எழுத்தறியாத அவன், உண்மையாகவே அந்த எழுத்துக்கு ஒரு கும்பிடு போட்டான்.

எழுத்துகளை முதலில் மெல்லிய தாளில் எழுதி, தாளைக் கவிழ்த்துக் கல்லில் எடுத்தாய். படத்துக்கு மட்டும் அப்படிச் செய்யவில்லை. படியெடுத்தால் கோடு செத்துவிடும் என்றாய். நம் தாயாரை எதிரே நிறுத்தி, மடித்த கைலி ஒன்றை நீட்டச் சொல்லி, அவரைப் பார்த்துப் பார்த்து நேரே கல்லிலேயே வரைந்தாய். கை வலிக்கிறது என்றார் ஆத்தா. "இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்" என்றாய்.

அச்சாகி வந்ததை முதலாளியின் கடையில் பிரித்தபோது நானும் இருந்தேன். எழுத்துகள் நேராக, அழகாக நின்றன. அந்தப் பெண்ணோ இடது கையால் துணியை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அட, பீச்சாங்கையில குடுக்கறா பாருங்கப்பா!" என்றார் முதலாளி. "எச்சைக்கலைக்குச் சோறு போடறாப்பல! ஏந் தம்பி, உங்க ஊட்டுல இப்படித்தான் குடுப்பீங்களா?"

கடையே சிரித்தது. மூட்டை கட்டுகிறவன்கூடத் தன் இடது கையை நீட்டிக் காட்டினான். 'பீச்சாங்கை' என்ற பெயர் நமக்கு முன்பாகவே ஊர் வந்து சேர்ந்தது. தகப்பனாரும் உன்னை அதன்பின் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "பீச்சாங்கை, சாப்பிட வா" என்றார், பட்டணத்துக்கு வண்டி ஏறியபோதும், "பீச்சாங்கை, பெட்டியை எடுத்துக்கிட்டயா?" என்றார். அவர் உன்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். இதை நான் மெழுகிச் சொல்ல விரும்பவில்லை.

ரயிலடியில் நீ என்னிடம் சொன்னாய்: "எழுத்தைத் திருப்பினேன் அண்ணா. ஆத்தாவைத் திருப்ப மறந்துட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாய். அடுத்த விடுமுறை உனக்கு இருக்கவில்லை.

இனி நீ அறியாதது. அச்சடித்த லேபிள்களை எரிக்க மனமில்லாமல், நம் வழக்கம் தெரியாத தேசத்துக்குத்தானே போகிறது என்று முதலாளி அவற்றை ரங்கூன் மூட்டைகளில் ஒட்டினார். அங்கே தமிழ் எழுத்தறியாதவர்கள் கடைக்கு வந்து, வாய் திறவாமல் இடது கையை நீட்டினார்களாம். கடைக்காரன் அந்தக் கைலியை எடுத்துக் கொடுத்தானாம். நீ விரும்பியது அதுவேயன்றோ? அது பலித்த சேதி நம் ஊருக்கு வந்தபோது உனக்குக் கருமாதி முடிந்திருந்தது.

சரக்கு ஓடவே, ராசிபுரத்து வியாபாரி ஒருவர் அதே போல் ஒரு பெண்ணை, அதே இடது கையுடன் அச்சிட்டார். முதலாளி பிராது கொடுத்தார். அதில், 'இடது கை என்பது வாதி தாமே ஆலோசித்துக் கண்டது. ஒரு கூலிச் சித்திரக்காரனைக்கொண்டு எழுதுவிக்கப்பட்டது' என்று கண்டிருந்தது. பிரதிவாதியோ, 'அது கற்றுக்குட்டி ஒருவனின் கைப்பிசகு. பிசகுக்கு எவரும் சொந்தம் கொண்டாட முடியாது' என்றார். பார், செல்லமுத்து. ஒருவர் கணக்கில் நீ யோசனையற்ற கை. மற்றவர் கணக்கில் நீ தவறு மாத்திரம்.

முதலாளி வீட்டுக்கே வந்தார்.

"வக்கீலுங்களே, உங்க தம்பி சாமானியமுங்களா? நாஞ் சொன்னதை நொடியில புடிச்சுக்கிட்டு, தெரிஞ்சேதான் அந்தக் கையைப் போட்டாருங்க. இந்த ஒரு வார்த்தையைக் கூண்டுல சொல்லிப்போடுங்க."

அது யாருடைய யோசனை என்பது அவசியமில்லை, அந்த வியாபார மார்க்கை எவர் சரக்கென்று வாங்குபவர் அறிகிறார் என்பதே கேள்வி என்று சட்டத்தை எடுத்துச் சொன்னேன். அவருக்கு வழக்கு மட்டும் போதவில்லை, யோசனையும் வேண்டியிருந்தது.

தகப்பனாரும் அவர் பக்கம். வருகிறவர்களுக்கெல்லாம் இப்போது அந்த லேபிளைக் காட்டி, "எம்பட பையன் யோசிச்சுப் போட்ட கை" என்கிறார். எந்தப் பெயரால் உன்னைக் கடைசிவரை குத்தினாரோ, அதையே பட்டமாக மாற்றிக்கொண்டிருக்கிறார். மகனை இழந்தவருக்கு அந்த உரிமை உண்டா? எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை.

பிரதிவாதி தரப்பில் எனக்குச் சம்மன் வந்தது. கூண்டில் என்ன சொல்வது என்று ஆத்தாவிடம் கேட்டேன். அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"நான் சோத்தாங்கையிலதான் நீட்டிக்கிட்டு நின்னேன் சாமி. எனக்குத் தெரியாதா? படத்தையும் அந்த மொதலாளி எடுத்துக்கிட்டாரு. பேரையும் உங்கய்யன் எடுத்துக்கிட்டாரு. அந்தத் தப்பு ஒண்ணாச்சும் எம் புள்ளையோடதா இருக்கட்டும்."

கூண்டில் ஏறினேன். படம் முழுவதும் என் தம்பியின் சொந்த யோசனை என்றும், வாதி அதில் ஒரு கோடுகூடச் சொல்லவில்லை என்றும், இடது கை மாத்திரம் அவன் மறதியால் விழுந்தது, அதை அவனே என்னிடம் சொன்னான் என்றும் சொன்னேன். வாதியின் வக்கீல் எழுந்தார்.

"அப்படியானால் உமது தம்பி தொழில் தெரியாதவன்?"

"தொழில் தெரிந்தவன். மறந்தான்."

"வலது கை எது, இடது கை எது என்பதையா?"

கோர்ட்டு சிரித்தது. ஜட்ஜும் சிரித்தார். உன் சாவுக்குப்பின் இத்தனை பேர் கூடி உன்னை நினைத்தது அன்றுதான், நினைத்தது அப்படித்தான். நானும் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சிரிப்பு அடங்கும்வரை மரியாதையாக நின்றேன்.

வெளியே முதலாளி, "கூடப் பொறந்தவனையே கோமாளி ஆக்கிப்போட்டீங்களே" என்றார். வீட்டில் தகப்பனார் என் முகம் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்: "காச்சல் ஒருக்காக் கொன்னுது. இவன் இன்னொருக்காக் கொன்னுபோட்டான்." அன்றுமுதல் என்னோடு பேச்சில்லை.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. யார் ஜெயித்தாலும் அந்தப் பெண் கையை நீட்டிக்கொண்டு ரங்கூனுக்குப் போய்க்கொண்டிருப்பாள். அதில் உன் பெயர் இராது. ஆனால் என் வாக்குமூலத்தில் இருக்கிறது: 'செல்லமுத்து வரைந்தான், செல்லமுத்து மறந்தான்' என்று ஜட்ஜ் தம் கையால் எழுதினார். இந்தப் படத்தைப் பற்றிய வேறெந்தக் காகிதத்திலும் உன் பெயரை நான் பார்த்ததில்லை. நீ கோபிப்பாயா? ரயிலடியில் சிரித்தது போலச் சிரிப்பாயா? இது ஊகத்துக்கும் எட்டவில்லை.

ஒன்று மட்டும் உறுதி கூறுகிறேன். உன்னை எவரும் பொய் சொல்லிப் புகழ விடமாட்டேன். அது நம் தகப்பனாராக இருந்தாலும். தனிமையில், நானாகவே இருந்தாலும்.

இப்படிக்கு,
உன்னோடு ஒரு வயிற்றில் பிறந்தவன்,
ந. நாச்சிமுத்து

சாட்சிகள்:
1. பாவாயி, தாயார். (வாசிக்கக் கேட்டு வைத்தது: இடது கைப் பெருவிரல் ரேகை)
2. நல்லப்பன், தகப்பனார். (கையெழுத்திட மறுத்தார். இடம் விடப்பட்டிருக்கிறது.)