லேஸர் வரனும் அப்பாவின் பிளேடு டப்பாவும்

ஜூலை 2, 1966, சனி

காலையிலிருந்து மழை. மாதுங்காவில் தண்டவாளம் முழுக்கத் தண்ணீர், ஆபீசுக்கு லேட். நாளை செம்பூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். ஆறாவது வரன். பெயர் ரகு, வேலை லேஸரில். ஆபீஸ் டிக்ஷனரியில் அந்த வார்த்தையே இல்லை.

அப்பா: "டிக்ஷனரியிலேயே இல்லாத உத்தியோகத்துக்கு எப்படிப் பொண்ணைக் குடுக்கறது?"

வாங்க வேண்டியது: ரவை, வாழைக்காய், பூ.

ஜூலை 3, ஞாயிறு

ரகுவும் அவர் அம்மாவும் வந்தார்கள். ஒல்லி. சட்டைப்பையில் மூன்று பேனா. எனக்குப் பிடித்துவிட்டது. முந்தின ஐந்து பேரிடமும் இப்படி ஆகவில்லை.

லேஸர் என்பது ஐந்து இங்கிலீஷ் வார்த்தைகளின் முதலெழுத்தாம். ஒரு வெளிச்சம். "டார்ச் வெளிச்சம் தாதர் ஸ்டேஷன் கூட்டம் மாதிரி, சிதறிப் போகும். இது சிதறாம, ஒரே கோட்டுல போகும் மாமா."

"எதுக்கு உபயோகம்?"

"இப்போதைக்குப் பெரிசா ஒண்ணும் இல்லை. இனிமேதான் கண்டுபிடிக்கணும்."

பாவி மனுஷா, ஒரு பொய் சொல்லக்கூடாதோ! அதோடு நிறுத்தவும் இல்லை. "ஷேவிங் பிளேடுல ஓட்டை போடும்."

அப்பா ஒரே பிளேடைக் கண்ணாடி டம்ளருக்குள் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கி ஒரு மாசம் ஓட்டுகிறவர். "நல்ல பிளேடுலயா?" முகம் செத்துவிட்டது. பஜ்ஜி மிச்சம்.

ஜூலை 5

மழை. அப்பா "பார்க்கலாம்" என்கிறார். இல்லை என்று அர்த்தம். வீட்டில் லேஸர் என்ற வார்த்தை மட்டும் நன்றாகப் புழங்குகிறது. மாடி மாமி: "அதுல மூட்டைப்பூச்சி சாகுமோ?" தம்பி படுத்துக் கிடந்தால் அப்பா: "எழுந்திருடா லேஸர்!" உதவாக்கரைக்குப் புதுப் பெயர். எனக்கு அழுகையாக வருகிறது.

ஜூலை 6

மானேஜர் சாப்பிடப் போன நேரம் ஆபீஸ் போனில் ரகுவைக் கூப்பிட்டேன். அப்பாவின் கட்டிலடி டப்பாவைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டு வருஷத்துப் பழைய பிளேடுகள், என்றைக்காவது உதவும் என்று. போனில் அவர் சிரிப்பது நன்றாகக் கேட்டது.

குடை ரிப்பேருக்குக் கொடுக்கணும்.

ஜூலை 8

ரகுவிடமிருந்து அப்பாவுக்குப் போஸ்ட்கார்டு. "எங்கள் சோதனைக்குப் பழைய பிளேடே போதும். அதற்குத்தான் தட்டுப்பாடு. தங்களிடம் இருப்பின்..." மூன்று முறை படித்தார். பிறகு கட்டிலடியில் குனிந்தார்.

ஜூலை 10, ஞாயிறு

கொட்டும் மழையில் டப்பாவோடு அப்பா செம்பூர் போய்வந்தார். தலை நனைந்திருந்தது. டப்பா நனையவில்லை.

ஜூலை 14

ரகு தன் ஆபீசிலிருந்து திரும்பும் வழியில் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒரு பிளேடைக் கொடுத்துவிட்டுப் போனார். நடுவில் ஊசிமுனை ஓட்டை. அப்பா ஜன்னலில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"என் பிளேடு! என்ன நேர்த்தியாப் போட்டிருக்கான்! ஆடி பொறக்கறதுக்குள்ள நிச்சயம் பண்ணிடலாம்." எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டு அரிசி பொறுக்கினேன்.

அப்புறம் திடீரென்று: "அது சரி, நம்மாத்துல பழைய பிளேடு இருக்குன்னு அவனுக்கு எப்படித் தோணித்து?"

அம்மா என்னைப் பார்த்தாள். சிதறாமல், ஒரே கோட்டில்.

"எல்லாம் பகவத் சங்கல்பம்தான்" என்றாள் அப்பாவிடம், கண்ணை என்மேலிருந்து எடுக்காமலே.