முகத்துவாரத்து அருவி

என் ஒரே அக்காவுக்கு, நீ இருக்கும்போது எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

உன் மகள் ஆரணி வந்துவிட்டுப் போய்ப் பத்து நாளாகிறது. கிளிநொச்சியில் மழை இன்னும் விடவில்லை. முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. நோர்வேயிலிருந்து உன் சாவுச் செய்தி வந்தபோது நான் அழவில்லை என்று சொந்தக்காரர்கள் கதைத்தார்கள். அது உன் காதுக்கும் வந்திருக்கும். எங்கள் ஆட்களின் வாய்க்கு அந்தத் தூரமெல்லாம் பெரிதில்லை.

உன் முதலாண்டு நினைவுக்கு, ஆட்டைத் திவசத்துக்கு, பிள்ளை ஒரு புத்தகம் போடுகிறாள். உன் படங்களில் நாற்பதைக் கொண்டுவந்து என் கட்டிலில் பரப்பினாள். கறுத்த பாறை, கீழே கொந்தளிக்கிற கடல், பாறை உச்சியிலிருந்து நேரே கடலுக்குள் விழுகிற தண்ணீர். நாற்பதிலும் ஒரு மனிதர் இல்லை. நீயும் இல்லை. பனியாறு குடைந்த அந்தக் கரைகளைப் பற்றி எத்தனையோ வருடமாக வகுப்பில் படிப்பிக்கிறேன். பாடப்புத்தகத்தில் இருப்பதைவிட உன் படங்கள் எவ்வளவோ மேல். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "வடிவா இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

அவள்தான் படங்களைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கத்தில் உன் கையெழுத்து. 'காலை மழை. பத்து நிமிடம் வெயில். பிறகு ஆலங்கட்டி. தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன், தூக்கவில்லை.' இன்னொன்றில், 'பனிமூட்டம் விலகும் என்று மூன்று மணித்தியாலம் நின்றேன். தம்பி தூக்கவில்லை.' இன்னொன்றில் காலநிலைகூட இல்லை. 'தூக்கவில்லை' என்பது மட்டும்.

எத்தனை படத்துக்குப் பின்னால் நான் இப்படி இருக்கிறேன், அக்கா?

ஏன் தூக்கவில்லை என்று உனக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். இப்போது சொல்லுகிறேன், கேள்.

சண்டையின் கடைசி வைகாசி. முள்ளிவாய்க்கால் மணலில் ஒருவரிடம் செய்மதித் தொலைபேசி இருந்தது. அதற்கு இரண்டு நாள் வரிசையில் நின்றேன். ஆளுக்கு இரண்டு நிமிடம். அம்மாவின் வயிற்றில் காயம். உன்னோடு ஒரு சொல் கதைக்க வேண்டும் என்று கேட்டபடியால் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் கிடத்தியிருந்தேன். நீ தூக்கினாய். உன் குரலுக்குப் பின்னால் ஓவென்று ஒரே இரைச்சல். எங்கள் பக்கத்துச் சத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"தம்பியே? அருவிக்குக் கிட்ட நிக்கிறன், ஒண்டும் கேக்கேல்லை. கொஞ்சத்தால எடு."

வைத்துவிட்டாய். தள்ளி ஓடிப்போய்த் திரும்ப எடுத்துப் பார்த்தாயோ என்னவோ. அந்த இலக்கத்துக்கு வெளியிலிருந்து எடுக்க முடியாது. எனக்குப் பின்னால் நின்றவர் கையை நீட்டிவிட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்து, "அவள் சுகமா இருக்கிறாளாமோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன்.

மூன்றாம் நாள் விடியும்போது அம்மா போய்விட்டார். சாப்பாட்டுக் கோப்பையால் மணலைத் தோண்டி வைத்தேன். புவியியல் படித்தவன் அல்லவா, இடத்தைக் குறித்துக்கொண்டேன். வட்டுவாகல் பாலத்தின் முனையையும் தலை போன ஒரு பனையையும் ஒரே நேரில் வைத்து, பனையிலிருந்து கடலை நோக்கி அறுபது எட்டு நடை. பிறகு எல்லாரோடும் சேர்ந்து அந்தப் பாலத்தைக் கடந்தேன்.

சில வருடம் கழித்து அந்தக் கரைக்குப் போக விட்டார்கள். தனியே போனேன். பனை நின்றது. அறுபது எட்டு வைத்து, கர்ப்பூரம் கொளுத்திவிட்டு வந்தேன். அந்தக் கிழமைதான் நீ தொலைபேசி எடுத்துக் கேட்டாய்.

"அம்மாவை எங்க வைச்சனி, தம்பி?"

"தெரியாது. எல்லாம் ஒரே மணல்."

அடுத்த வருடமும் அதே கேள்வி, அதே பதில். பிறகு தொலைபேசியைத் தூக்குவதையே விட்டுவிட்டேன். நீ அருவிக்குக் கிட்ட நின்றதற்கு நான் கொடுத்த தண்டனை அது. எப்போது முடிப்பது என்று மட்டும் யோசிக்கவில்லை. நீ கேட்டுக்கொண்டே செத்துப்போனாய்.

ஆரணி வந்த கிழமை விடாத மழை. நந்திக்கடல் களப்பு நிரம்பி வயல்களுக்குள் ஏறத் தொடங்கியிருந்தது. அப்படி ஏறினால் கடலுக்கும் களப்புக்கும் இடையில் கிடக்கும் மணல் திட்டை வெட்டிவிடுவார்கள். மேலே நிற்கிற தண்ணீர் கடலுக்குள் விழும். ஆள் உயரம்கூட வராது. சின்ன வயதில் அதற்கு அருவி என்று பெயர் வைத்தவள் நீதான். மலையே இல்லாத ஊரில் பிறந்தவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"அம்மா சொன்னவா மாமா, எங்கட ஊரிலயும் கடலுக்குள்ள விழுற அருவி ஒண்டு இருக்கு, ஒரு நாள் ரெண்டு நாள்தான் விழும் எண்டு. புத்தகத்தில கடைசிப் படம் அதுதான்" என்றாள் ஆரணி. நாளைக்கு வட்டுவாகலில் திட்டில் வாய் வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவளைப் பிடிக்க முடியவில்லை. மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. இருந்த ஒன்றையும் சொல்ல முடியாது.

விடிய ஓட்டோ பிடித்துப் போனோம். கரையில் மழை வந்தது, நின்றது, கண் கூசுகிற வெயில் அடித்தது, திரும்பக் கடலிலிருந்து இருண்டு வந்தது. ஆரணி முக்காலியை மணலில் ஊன்றி, கமராவுக்குப் பொலித்தீன் பை போட்டு, அதற்கு மேல் என்னைக் குடை பிடிக்கச் சொன்னாள். ஏழெட்டு மீனவர்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். அவர்களுக்கு மூத்தவர் மரியதாசண்ணை.

"வயல்காரர் காலமை துவக்கம் போனுக்கு மேல போன். அவைக்குப் பயிர் தாழுது, எங்களுக்கு இறால் ஓடப்போகுது. நடுவில நாங்கள் மண்வெட்டியோட" என்றார்.

"பெக்கோ மெசின் அனுப்புறம் எண்டவை அண்ணை," என்றான் ஒருவன்.

"அது வாறதுக்குள்ள நந்திக்கடல் தானா எழும்பி நடந்து போயிடும்." பிறகு ஆரணியைப் பார்த்தார். "பிள்ளை, உந்தப் பெட்டிக்குக் குடை. மாமாவுக்கு ஒண்டுமில்லை. மனுசன் கரையப்போறார்."

"மாமா கரையமாட்டார். அவர் கல்லு."

எல்லாரும் சிரித்தார்கள். உன் சிரிப்புத்தான் அவளுக்கு.

வெறுங்கரையை ஒரு படம் எடுத்துப் பார்ப்பதாகச் சொன்னாள். மீனவர்கள் அதற்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள். விலகச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "தேவையில்லை மாமா. கனநேரம் திறந்து வைச்சா நடக்கிற ஆக்கள் படத்தில விழமாட்டினம்." எடுத்ததைக் காட்டினாள். அலை புகையாகிக் கிடந்தது. ஒரு மனிதரும் இல்லை. அந்தக் கரையில் எத்தனை பேர் நடந்தார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? உன் நாற்பது படத்திலும் ஆர் ஆர் நடந்தார்கள், அக்கா?

அப்போதுதான் மரியதாசண்ணை வெட்டவேண்டிய கோட்டைக் காலால் இழுத்துக்கொண்டு போனார். நான் திரும்பிப் பார்த்தேன். பாலத்தின் முனை. பனை. இரண்டும் ஒரே நேரில் நின்றன. பனையடிக்குப் போய், அங்கிருந்து வாய்க்குள் எண்ணியபடி நடந்தேன். அறுபதாவது எட்டு அவர் கீறிய கோட்டின் மேல் விழுந்தது.

"கொஞ்சம் வடக்கால வெட்டேலாதோ?" என்று கேட்டேன்.

"ஏன் சேர்? இந்த முறை இதுதான் பதிவு, பள்ளமான இடம். காரணம் ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ, மாத்துவம்."

ஆரணி என்னைப் பார்த்தாள். சொன்னால், இவ்வளவு காலமும் எனக்குத் தெரிந்திருந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். உன் கேள்வி அவளுக்கும் தெரியும். என் பதிலும் தெரியும்.

"இல்லை... படத்துக்கு நல்லா இருக்கும் எண்டு பார்த்தன்."

"சரிதான். படத்துக்காகக் கடலை மாத்தச் சொல்லுறார் சேர்" என்றார். திரும்பவும் சிரிப்பு. மண்வெட்டிகள் இறங்கின.

முதலில் ஒரு சாண் அகலத்தில் கலங்கிய தண்ணீர் நூலாக ஓடியது. ஒரு மணித்தியாலத்தில் இரண்டு கரையும் பாளம் பாளமாக இடிந்து விழத் தொடங்கின. பிறகு மண்வெட்டிக்கு வேலை இருக்கவில்லை. களப்பு முழுவதும் அந்த வாயால் திரண்டு வந்து கடலுக்குள் விழுந்தது. ஓவென்று ஒரே இரைச்சல். ஒரு பக்கம் வெயில் அடிக்க, மறுபக்கம் கடலில் மழை பெய்தது. ஆரணிக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடைத்திருக்காது.

அவள் பொத்தானை அழுத்திவிட்டு, "ரெண்டு நிமிசம், அசையாதேங்கோ மாமா. மணல் அதிரும்" என்றாள்.

அந்த இரண்டு நிமிடத்தில் சொன்னேன். வரிசையை, தொலைபேசியை, சாப்பாட்டுக் கோப்பையை, பனையை. இரைச்சலுக்கு மேலால் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"எந்த இடம்?"

கையை நீட்டினேன். நீட்டிய இடத்தில் இடம் இருக்கவில்லை. தண்ணீர்தான் இருந்தது.

கமராவை விட்டுவிட்டு மரியதாசண்ணையிடம் ஓடினாள். "நிப்பாட்டேலாதா? அம்மம்மா அதுக்குள்ள. நிப்பாட்டேலாதா?" அவர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் எடுத்தார். என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நல்லது.

"சேர், ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அங்கால வெட்டியிருப்பமே. போன முறை ஒரு மனுசி வந்து காட்டினவா, அதால தள்ளித்தானே வெட்டினனாங்கள்."

கேட்டாயா, அக்கா? அந்தக் கரையில் அது வழக்கமாம். வந்து காட்டுகிறவர்களுக்கு விலத்தி வெட்டுவார்களாம். ஒரு ஏழை மனுசி வாய் திறந்து சொல்லியிருக்கிறாள். பட்டம் பெற்றவன் நான், படத்துக்கு நல்லாயிருக்கும் என்றேன்.

ஆரணியோடு திரும்பி வந்தேன். மூன்று நாள் இருந்தாள். சாப்பிட்டாள், என் உடுப்பையும் சேர்த்துத் தோய்த்தாள். ரயிலடியில்தான் சொன்னாள்: "இடம் தெரியும் எண்டு சொல்லியிருந்தா அம்மா அழுதுகொண்டு இருந்திருக்கமாட்டா, மாமா. அடுத்த பிளேனில வந்திருப்பா." பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அந்தப் படத்தைப் போடுவன். பக்கத்தில எழுத வேண்டியதை நீங்கள் எழுதித் தாங்கோ. உண்மையை எழுதுங்கோ" என்றாள்.

எழுதிவிட்டேன். இனி இது உன் புத்தகத்தில் கிடக்கும். சொந்தக்காரர்கள் எல்லாரும் வாசிப்பார்கள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் அது இன்னொரு பொய். அந்த இரைச்சல் எனக்கு இன்னும் கேட்கிறது. உன்னுடைய அருவியா என்னுடையதா என்று பிரிக்கத்தான் முடியவில்லை. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம். அம்மா உனக்குச் சொல்ல இருந்த அந்த ஒரு சொல் என்ன? அதை நானும் கேட்டு வைக்கவில்லை.

மழை ஓய்ந்தால் கடல் திரும்ப மணலைக் கொண்டுவந்து வாயை மூடும். பங்குனியில் போவேன். ஆரணி வந்தால் அவளோடு, வராவிட்டால் தனியே. மரியதாசண்ணையை வரச்சொல்லி, பாலத்தையும் பனையையும் காட்டி, அடுத்த முறை இதிலே வெட்டாதேங்கோ என்று கேட்பேன். அந்த மணலில் அம்மா இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் மரியதாசண்ணை காரணம் கேட்பார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுவேன்: எங்கள் அம்மாவை இங்கேதான் வைத்தேன், எனக்குத் தெரியும்.

அம்மாவின் மற்றப் பிள்ளை,
உன் தம்பி.