நாளை ஆராதனையில் உங்கள் கை

என்னங்க,

சாப்பாடு அடுப்பின்மேல் மூடி இருக்கிறது. சுடவைத்துச் சாப்பிடுங்கள். என்மேல் உள்ள கோபத்தை வயிற்றில் காட்ட வேண்டாம்.

நான் சபை மண்டபத்துக்குக் கிளம்பிவிட்டேன். இன்று முதியோருக்கு மதிய விருந்து, நாற்காலி போடக்கூட ஆள் இல்லை. பாடகர் குழுப் பயிற்சியும் முடிந்துதான் வருவேன்.

சாயங்காலம் போதகர் வருவார். திருவிருந்துத் தட்டுகள் இருக்கும் அலமாரியின் சாவி உங்கள் கோட்டுப் பையில் கிடக்கிறது, கொடுத்துவிடுங்கள். நாளை ஆராதனைக்கு வருவீர்களா என்று கேட்டால் நீங்களே பதில் சொல்லுங்கள். இதுவரை நீங்கள் வராததற்குச் சளி, காய்ச்சல் என்று நான் சொல்லி முடித்தாயிற்று.

என்னையும் மூப்பராகத் தேர்ந்தெடுத்ததும் "வீட்டுக்கு ஒரு மூப்பர் போதாதா" என்று கேட்டீர்களே, நம் பிரெஸ்பிட்டேரியன் சபையில், சபையை நடத்தும் மூப்பரைத் தேர்ந்தெடுப்பது சபையார்தான் என்று எனக்குச் சொல்லித்தந்ததே நீங்கள்தான். இத்தனை வருடம் மூப்பர் மனைவியாக அந்தத் தட்டுகளைக் கழுவினேன், உங்களுக்கு உறுத்தவில்லை. அதே தட்டில் அப்பத்தை ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாக நான் வந்தால் மட்டும் உறுத்துகிறதா?

நாளை மூப்பராகப் பொறுப்பேற்க நான் முழங்காலிடும்போது மூப்பர்கள் எல்லாரும் வந்து என் தலைமேல் கை வைத்து ஜெபிப்பார்கள். நீங்கள் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால் சபை முழுக்கப் பார்க்கும். பார்க்கட்டும்.

பி.கு.: வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டியிருக்கிறேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

இன்னொன்று. நான் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் எத்தனை கை இருந்தாலும், அதில் உங்கள் கை இல்லையென்றால் எனக்குத் தெரிந்துவிடும்.