தம்பையா அண்ணனின் துவக்கு

8 ஜூலை 2024, திங்கள்

காலையில் பாண்டிருப்பு நேசம்மா அக்கா பட்டறைக்கு வந்தார். கையில் பழைய சேலையில் சுற்றிய துவக்கு. போன வருடம் காலமான அவருடைய கணவர் தம்பையா அண்ணன் வயலில் யானை விரட்டிய துப்பாக்கி. எண்பது வருடப் பழசாம். இனி வெடிக்காதபடி குழலை அடைத்து, வீட்டில் வைத்திருக்கப் பொலிஸில் கடிதமும் எடுத்திருக்கிறார்.

"சனிக்கிழமை அவர்ர திவசம், மக்கீன் தம்பி. படத்துக்குக் கீழ கொழுவோணும். புதுசு மாதிரி மினுங்கோணும்."

மினுக்குவதுதானே என் தொழில். இருபத்திரண்டு வருடமாகக் கல்முனைக் கட்டில், அலுமாரியெல்லாம் என் கையால் மினுங்குகின்றன. ஓம் என்றேன்.

9 செவ்வாய்

தோளில் முட்டும் மரச் சோங்கில் ஒரே கறுப்பு. சாண்ட்பேப்பரால் உள்ளங்கை அகலம் தேய்த்ததும் அடிமரம் மஞ்சளாகச் சிரித்தது. எனக்கும் சந்தோசம்.

சோறு கொண்டுவந்த றாஹிலா துவக்கைத் தூக்கித் தோளில் வைத்துப் பார்த்தாள். துவக்குப் பிடித்த மனைவியைப் பார்க்க எனக்குச் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. சோங்கைத் தடவினாள்.

"இது ஊத்தை இல்லங்க. கன்னம் பட்டுப் பட்டுக் கறுத்த இடம். மனிசன்ட முகம் இரிக்கி இதில. நீங்க தேச்சிட்டீங்க."

சாண்ட்பேப்பரைக் கீழே வைத்தேன்.

10 புதன்

முழுவதையும் தேய்த்து வார்னிஷ் அடித்தால் அக்கா சந்தோசமாகக் கொண்டுபோவார். சாயம் கலந்து மஞ்சளை மறைக்கவும் எனக்குத் தெரியும். ஆனால் அது நான் பூசும் கறுப்பு — தம்பையா அண்ணனுடையது இல்லையே. என்ன செய்ய?

"போய்ச் சொல்லுங்க," என்கிறாள் றாஹிலா. "அவட புரிசன்ட முகம். நம்மட இல்ல."

11 வியாழன்

போனேன். சொன்னேன். அக்கா துவக்கை வாங்கி மடியில் வைத்தார். ஐம்பது வருடக் குடும்பத்தில் ஒருநாளும் அதைத் தொட்டதில்லையாம். 'தொடாத, வெடிச்சிரும்' என்று அண்ணன் பயம் காட்டுவாராம். அக்கா மெல்லக் குனிந்து, மிஞ்சியிருந்த கறுப்பில் கன்னத்தை வைத்தார்.

நான் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிழை விட்டுட்டன் அக்கா."

தேய்த்த இடத்தைத் தடவிச் சிரித்தார். "வயல்ல ஆனை எண்டு கத்தினா அவர் பாதிச் சவரத்தில எழும்பி ஓடுவார் தம்பி. ஒரு கன்னம் மழிச்சது, மத்தக் கன்னத்தில நுரையும் தாடியும். அப்பிடியே இரிக்கட்டும்."

12 வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்துக் கொடுத்தேன். குழலின் பழைய நிறத்திலும் கை வைக்கவில்லை.

19 ஆகஸ்ட், திங்கள்

இன்னொரு வாடிக்கைக்காரர் ஜவுபர், காலமான தன் வாப்பாவின் சாய்மனைக் கதிரையைக் கொண்டுவந்தார். "புதுசாக்கித் தாங்க."

"வாப்பா எந்தப் பக்கம் சாய்வார்?" என்று கேட்டேன்.

யோசித்தார். பிறகு, தானே அதில் உட்கார்ந்து காட்டத் தொடங்கினார். பின்னேரம் பள்ளியில் அசர் வாங்கு சொல்லியும் எழும்பவில்லை.