அப்பா மறுத்து எழுதிய கடதாசி

வெஸ்ட்லி, ஒஸ்லோ
11.02.2007

அன்பு மகள் மயூராவுக்கு,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், உன் சுகத்தை நீ தொலைபேசியில் அம்மாவுக்குச் சொல்ல, அவர் எனக்குச் சொல்லித்தான் அறிகிறேன். வடக்கே நீ இருக்கும் துரொம்சோவில் இரண்டு மாத இருட்டு முடிந்து சூரியன் திரும்பி வந்துவிட்டதாம், சந்தோசம். இங்கே குளிர் குறையவில்லை, எனக்கு முழங்கால் நோ, அம்மா சனிக்கிழமை குறொன்லாண்ட் கடைத்தெருவில் முருங்கைக்காய் வாங்கி வந்து, பிள்ளை இல்லாமல் என்ன கறி என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சமைத்தார். நானும் அப்படித்தான் சாப்பிட்டேன். நீ வீட்டுக்கு வந்து இரண்டு வருசமாகிறது. ஒருமுறை வந்து இந்த மேசையில் எங்களோடு இருந்துவிட்டுப் போக மாட்டாயா என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

முதியோர் இல்லத்தில் மருந்து கொடுப்பதற்கான பயிற்சியில் கணக்குச் சோதனை இரண்டு தரம் தவறிவிட்டது என்று அம்மா சொன்னார். என்னிடம் சொல்ல வேண்டாம் என்றாயாம், அவர் வாயில் ஒன்றும் தங்காது என்று உனக்குத் தெரியும்தானே. மூன்றாம் தரமும் தவறினால் அந்த வேலை கிடைக்காது என்பதும் தெரியும். இங்கே அதே வேலை செய்யும் யோசெப்பினிடம் விசாரித்தேன். எண்களில் சிக்கல் உள்ளவர்களுக்குத் தனி அறை, கூடுதல் நேரம் எல்லாம் கொடுப்பார்களாம், நாங்கள்தான் வாய் திறந்து கேட்க வேண்டுமாம். நீயோ, "கேட்டா பிறகு என்னை நம்பி மருந்து தரமாட்டினம்" என்று அழுதாயாம். அப்படி நினைக்காதே பிள்ளை, தனக்கு எங்கே பிழை வரும் என்று தெரிந்தவள் இரண்டு தரம் பார்த்துத்தான் கொடுப்பாள். எனக்கு வருத்தம் வந்தால் உன் கையால் மருந்து வாங்கிக் குடிக்க நான் யோசிக்க மாட்டேன்.

இனி எழுதுவது எனக்குக் கஷ்டம். நீ ஆறாம் வகுப்பில் படித்தபோது உன் ஆசிரியை ஒரு கடிதம் அனுப்பினார், பிள்ளைக்கு எண்கள் பிடிபடவில்லை, பரிசோதிக்கச் சம்மதம் வேண்டும் என்று. ஊரில் கணக்கு ரியூசன் கொடுத்தவன் நான், என் மகளுக்கா கணக்கு வராது என்று கோபம் வந்தது. அந்தக் கடிதத்தின் அடியிலேயே மறுத்து எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் உன்னை வாய்ப்பாட்டோடு இருத்திச் சோம்பேறி என்று ஏசினேன். ஏழெட்டு எத்தனை என்று கேட்டால் நீ பயந்துபோய் என் முகத்தில் விடை தேடுவாய். அந்த முகம் இப்போது எந்நேரமும் கண்ணுக்குள் நிற்கிறது. நீ சோம்பேறி இல்லை மகள். பிழை என்னுடையது.

அகதி விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து ஒரு கடதாசியையும் எறியாத ஆட்கள் நாங்கள், நான் மறுத்து எழுதிய அந்தக் கடிதத்தின் பிரதி ஃபைலில் இருந்தது, இதோடு வைத்திருக்கிறேன். இப்போது புதிதாகவும் பரிசோதிக்க வேண்டுமாம், ஆனால் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது என்று இதைப் பார்த்தால் அவர்களுக்கு விளங்கும் என்றார் யோசெப்பின்.

முருகன் உன்னோடு இருப்பார், நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்த சோதனைக்கு முன்பே பயிற்சி நடத்துபவரிடம் கேட்டுவிடு, தள்ளிப்போடாதே. சின்ன வயதிலேயே ஏன் பரிசோதிக்கவில்லை என்று கேட்டால் தலை குனிந்து நிற்க வேண்டாம். அப்பா விடவில்லை என்று சொல். கையெழுத்தையும் காட்டு.

என்றும் உன்னை நினைத்திருக்கும் அப்பா,
குலேந்திரன்